ஐசியூவில் ரத்த மாதிரி எடுப்பதைக் கண்காணிப்பது எப்படி? படுக்கையருகிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

இரவு மூன்று மணி. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியின் ஆர்ட்டீரியல் லைனிலிருந்து (தமனிக்குள் செருகிய குழாய்) நர்ஸ் ரத்தம் எடுத்து ப்ளட் கேஸ் மெஷினில் (ரத்த வாயுக்களையும் சர்க்கரையையும் அளக்கும் கருவி) கொடுக்கிறார். சர்க்கரை 320 என்று வருகிறது. இன்சுலினைக் கூட்டுகிறார்கள். ஒரு மணி நேரம் கழித்து 340. இன்னும் கூட்டுகிறார்கள். நோயாளி மயக்க மருந்தில் இருப்பதால் நடுக்கமோ குழப்பமோ வெளியே தெரிய வழியில்லை. விடிந்ததும் வேறு கையில் ஊசி போட்டு எடுத்து லேபுக்கு அனுப்பிய ரத்தத்தில் சர்க்கரை 20-க்கும் கீழே. அப்போதுதான் யாரோ நிமிர்ந்து பார்க்கிறார்கள். லைன் அடைக்காமல் கழுவும் திரவப் பையை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பேக்குக்குள் தொங்குவது சலைன் (உப்புக் கரைசல்) இல்லை, டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்).

இந்தக் காட்சி நான் விளக்கத்துக்காக அமைத்தது. ஆனால் இதே வரிசையில் நடந்த விபத்துகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் மீளாத மூளைச் சேதமும் மரணமும் உண்டு. கவனித்துப் பாருங்கள்: அந்த நர்ஸ் கை கழுவியிருப்பார், கையுறை போட்டிருப்பார், சரியான சிரிஞ்சைத்தான் எடுத்திருப்பார். அவர் வந்து நிற்பதற்குப் பல மணி நேரம் முன்பே தவறு அந்த லைனுக்குள் நுழைந்துவிட்டது. ஆகவே, சாம்பிள் எடுக்கும் கையை மட்டும் பார்க்கும் கண்காணிப்பால் இதைப் பிடிக்க முடியாது. தவறு எந்த இடத்தில் உள்ளே வருகிறதோ அங்கே யார் நிற்கிறார்கள், எதைச் சரிபார்க்கிறார்கள், அதற்கு என்ன சான்று இருக்கிறது என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டுக்கொண்டே போவதுதான் இந்த வழிகாட்டியின் முறை. ஐசியூ நர்ஸ் இன்சார்ஜ், தரப் பிரிவில் இருப்பவர், லேப் பொறுப்பாளர், தீவிர சிகிச்சை மருத்துவர் ஆகிய நால்வரும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதைப் படித்தால் நல்லது. நால்வரில் ஒருவர் மட்டும் செய்தால் பாதியில் நின்றுவிடும் வேலை இது.

படி 1: எந்த விதி எங்கிருந்து வருகிறது என்று வரைந்துகொள்ளுங்கள்

ரத்தம் எடுப்பதற்கென்று தனியாக ஒரே ஒரு கண்காணிப்பு அமைப்பு பெரும்பாலான நாடுகளில் கிடையாது. பல துண்டுகள் படுக்கையருகே வந்து சேர்கின்றன. ஊசிக் காயத்திலிருந்து ஊழியரைக் காப்பது தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம். அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டின் ஊசிக் காயத் தடுப்புச் சட்டமும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010/32 என்ற எண்ணுள்ள ஆணையும் இந்த வகை. சிரிஞ்சு, டியூப், குளுக்கோமீட்டர் ஆகியவை மருத்துவச் சாதன ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் வரும். பரிசோதனைக் கூடத்தின் தரத்துக்கு ஐஎஸ்ஓ 15189. மருத்துவமனைக்கு அங்கீகாரம் வழங்கும் அமைப்புக்கு நோயாளியை அடையாளம் காணும் முறை, அவசர முடிவுகளைத் தெரிவிக்கும் முறை, தொற்றுத் தடுப்பு ஆகியவை முக்கியம். ரத்த வகைச் சாம்பிள் என்றால் ரத்த வங்கி விதிகளும் சேரும். ஊசியும் டியூபும் குப்பைக்குப் போகும்போது மருத்துவக் கழிவு விதிகள் வந்துவிடும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான செய்முறை அடித்தளமாக உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட ரத்தம் எடுக்கும் வழிகாட்டுதலை எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு பெரிய தாளில் சாம்பிளின் பயணத்தை இடமிருந்து வலமாக வரையுங்கள்: டாக்டர் எழுதும் ஆர்டர், நோயாளியை உறுதிசெய்தல், ரத்தம் எடுத்தல், லேபிள், அனுப்புதல், பரிசோதனை, முடிவு திரும்பி வருதல், அதன்மேல் முடிவெடுத்தல். ஒவ்வொன்றுக்கும் கீழே பொருந்தும் விதியையும், உங்கள் பிரிவில் அதற்குப் பொறுப்பான ஒருவரின் பதவியையும் எழுதுங்கள். எங்கே பதவி எழுத முடியாமல் பேனா நிற்கிறதோ, அங்கே வட்டம் போடுங்கள். லேபுக்கு உள்ளே நடப்பதற்கெல்லாம் பெரும்பாலும் ஆள் இருப்பார். லேபுக்கு வருவதற்கு முன் நடக்கும் பகுதியில்தான் வட்டங்கள் குவியும். பரிசோதனைப் பிழைகளில் பெரும்பங்கு அங்கேதான் பிறக்கிறது என்பது லேப் துறையினர் நெடுங்காலமாகச் சொல்லிவருவது.

படி 2: இந்த ரத்தம் வேண்டுமா?

பாதுகாப்பு என்றதும் தொற்றும் ஊசியும்தான் நினைவுக்கு வரும். எடுக்கப்படும் ரத்தத்தின் அளவே ஒரு தீங்கு என்பதைப் பலர் கணக்கில் வைப்பதில்லை. மேற்கு ஐரோப்பிய ஐசியூக்களில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2002-இல் வெளியானது. அதில் ஒரு நோயாளியிடமிருந்து நாளொன்றுக்குச் சராசரியாக 41 மி.லி. ரத்தம் பரிசோதனைக்காக எடுக்கப்பட்டது. பத்து நாள் படுத்திருந்தால் 400 மி.லி.; ஏறக்குறைய ஒரு முழு ரத்ததானம். புதிதாக ரத்தம் ஊறுவது ஏற்கெனவே தடைப்பட்டிருக்கும் உடலிலிருந்து அது போகிறது. பச்சிளங் குழந்தைப் பிரிவில் கணக்கு இன்னும் கடுமை. ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்தமே 80, 90 மி.லி. ரத்தம்தான். அங்கே ஒரு மி.லி. என்பது நூற்றில் ஒரு பங்குக்கும் மேல்.

கண்காணிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, "தினமும் காலையில் எல்லா டெஸ்டும்" என்ற நிரந்தர ஆர்டர். அதற்குக் காலாவதி வையுங்கள். 24 மணி நேரம் கழிந்தால் டாக்டர் மறுபடி கேட்டு எழுதட்டும். இரண்டாவது, டியூபின் அளவு. கனடாவில் 25 ஐசியூக்களில் நடந்து 2023-இல் வெளியான ஸ்ட்ராட்டஸ் என்ற ஆய்வில், ஏறத்தாழ பாதி அளவே ரத்தம் இழுக்கும் சிறிய டியூப்களைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பரிசோதனைக்கு ரத்தம் போதாமல் போகும் பிரச்சினை குறிப்பிடும்படி எழவில்லை. ரத்தம் ஏற்றும் தேவை குறைந்ததா என்ற முதன்மைக் கணக்கில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை என்றாலும், துணைக் கணக்குகள் குறையும் பக்கமே சாய்ந்தன. தீங்கில்லாமல் ரத்தம் மிச்சமாகும் என்றால் அதைச் செய்யலாம் என்பது என் கருத்து. மூன்றாவது, குழாயில் தங்கிய திரவத்தை நீக்க லைனிலிருந்து முதலில் இழுத்து வீசும் ரத்தம். மூடிய அமைப்புள்ள செட் இருந்தால் அந்த ரத்தம் நோயாளிக்கே திரும்பிவிடும். வெளியே சிரிஞ்சில் இழுத்து வைத்த ரத்தத்தைத் திருப்பிச் செலுத்தும் பழக்கம் மட்டும் எங்கும் வேண்டாம். அதில் கட்டியும் கிருமியும் சேரும்.

ஒவ்வொரு நோயாளிக்கும் நாளொன்றுக்கு எத்தனை மி.லி. எடுத்தோம் என்று ஐசியூ சார்ட்டில் ஒரு கட்டம் சேர்த்துப் பாருங்கள். சிறுநீரை மணிக்கு மணி அளந்து எழுதும் நாம் ரத்தத்தை எழுதாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

படி 3: யார் எடுக்கலாம்?

இங்கே நீளமாகப் பேச ஒன்றுமில்லை. ஆர்ட்டீரியல் லைன், சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரைக்குள் செருகிய குழாய்), நேரடி ஊசி, ப்ளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஆகிய நான்குக்கும் தனித்தனியாகச் செய்துகாட்டித் தேறியவர் பட்டியல் வேண்டும். வகுப்பில் கையெழுத்துப் போட்டதை மட்டும் தேர்ச்சியாகக் கொள்ளக் கூடாது. புதிதாக வந்தவர், வேறு வார்டிலிருந்து ஒரு ஷிப்டுக்கு அனுப்பப்பட்டவர், ஏஜென்சி நர்ஸ், பயிற்சி டாக்டர் ஆகியோரும் அந்தப் பட்டியலுக்குள் வர வேண்டும். ஆட்பற்றாக்குறை இரவில் பட்டியல் தளர்கிறது என்றால் அந்த இரவுகளைக் குறித்து வையுங்கள். நிர்வாகத்திடம் ஆள் கேட்கும்போது கையில் இருக்க வேண்டிய காகிதம் அதுதான்.

படி 4: டியூபில் இருப்பது யாருடைய ரத்தம்?

ஐசியூவில் நோயாளி தன் பெயரைத் தானே சொல்ல முடியாது. பக்கத்துப் படுக்கையிலும் அதே நிலை. அதனால் கைப்பட்டைதான் அவருடைய குரல். பெயரோடு மருத்துவமனைப் பதிவு எண் அல்லது பிறந்த தேதி என இரண்டு அடையாளங்கள் ஒத்துப்போக வேண்டும். படுக்கை எண் அடையாளமாகாது. நள்ளிரவில் நோயாளியை ஏழாம் படுக்கையிலிருந்து மூன்றுக்கு மாற்றியிருப்பார்கள்.

லேபிளுக்கு ஒரே விதி: ரத்தம் எடுத்த பிறகு, நோயாளியின் பக்கத்திலேயே, எடுத்தவர் கையாலேயே ஒட்ட வேண்டும். வேலையை எளிதாக்க ட்ரேயில் காலி டியூப்களுக்கு முன்கூட்டியே லேபிள் ஒட்டி வைப்பார்கள். நல்ல எண்ணத்தில் செய்வதுதான். பக்கத்துப் படுக்கையில் அலாரம் அடித்து ட்ரேயோடு ஓடினால், ஒருவருடைய லேபிள் ஒட்டிய டியூபில் இன்னொருவர் ரத்தம் ஏறிவிடும். நர்சிங் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து ஒட்டுவதிலும் அதே ஆபத்து இருக்கிறது.

ரத்த வகைச் சாம்பிளில் இந்தத் தவறு உயிரைப் பறிக்கக்கூடியது. பிரிட்டனில் ரத்தம் ஏற்றும்போது நேரும் கேடுகளைத் தொகுக்க 1996-இல் ஷாட் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. டியூபில் லேபிள் சரியாகவும் ரத்தம் வேறொருவருடையதாகவும் இருந்த நிகழ்வுகளை அது ஆண்டுதோறும் அறிக்கையாகக் கொண்டுவருகிறது. இதற்கு அங்கே பின்பற்றும் தடுப்பு எளிமையானது: பழைய பதிவு இல்லாத நோயாளிக்கு, தனியாக வேறொரு முறை எடுத்த இரண்டாவது சாம்பிளிலும் ரத்த வகை ஒத்துப்போன பிறகே அதே வகை ரத்தம் தருவது. ஒரே முறை இழுத்த ரத்தத்தை இரண்டு டியூபில் ஊற்றி, நேரத்தை மட்டும் மாற்றி எழுதி அனுப்புவதும் நடக்கிறது. அப்படிச் செய்தால் தடுப்பு இல்லாமலே போகிறது. உங்கள் ரத்த வங்கியிடம் கேட்டால் எந்தப் பிரிவிலிருந்து இரண்டு சாம்பிளும் ஒன்றாக வந்து சேர்கின்றன என்று சொல்லிவிடுவார்கள்.

படி 5: ஆர்ட்டீரியல் லைன். நேரத்தை இங்கே செலவிடுங்கள்

முதலில் கணக்கைப் பார்ப்போம். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் ஒரு டெசிலிட்டருக்கு 5000 மி.கி. குளுக்கோஸ் இருக்கிறது. 2 மி.லி. ரத்தச் சாம்பிளில் வெறும் 0.04 மி.லி., அதாவது ஒரு துளிக்கும் குறைவாக, இந்தத் திரவம் கலந்தால் போதும். அளவு 100 மி.கி. கூடிவிடும். 320 என்று வந்தாலாவது யாராவது புருவம் உயர்த்துவார்கள். உண்மையான சர்க்கரை 40 ஆக இருக்கும் நோயாளிக்கு மெஷின் 140 காட்டும். ஐசியூவில் எல்லோரும் விரும்பும் எண் அது. யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள்.

முதலில் கொஞ்சம் ரத்தத்தை இழுத்து வீசிவிட்டால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். குழாயின் உள்ளளவைப் போல மூன்று மடங்கு இழுத்து வீசுவது பரவலான வழக்கம். சலைனுக்கு அது பெரும்பாலும் போதும். ஆனால் டெக்ஸ்ட்ரோஸ் விஷயத்தில் லைனில் உள்ள மூவழித் திருகான த்ரீ-வேயின் மூலையில் ஒட்டியிருக்கும் மிச்சமே எண்ணைப் புரட்டப் போதுமானது என்று மாதிரி அமைப்புகளில் செய்துபார்த்த சோதனைகள் காட்டின. எனவே இழுத்து வீசுவதைப் பாதுகாப்பாக நம்ப வேண்டாம். டெக்ஸ்ட்ரோஸ் அந்தப் பைக்குள் போகாமல் இருப்பதே பாதுகாப்பு.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கான தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2008-இல் இதைப் பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது. ஆறு ஆண்டுகள் கழித்து, 2014-இல், பிரிட்டன் மற்றும் அயர்லாந்து மயக்கவியல் மருத்துவர்கள் சங்கம் இதே ஆபத்துக்கென்று மறுபடி ஒரு வழிகாட்டுதல் எழுத வேண்டியிருந்தது. எச்சரிக்கை ஒன்றை அனுப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் எந்தக் கண்காணிப்பு அமைப்பும் இந்த இடைவெளியை யோசித்துப் பார்க்க வேண்டும். தாள் எல்லா மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. அலமாரியில் சலைன் பையும் டெக்ஸ்ட்ரோஸ் பையும் ஒரே வடிவில், ஒரே அளவில், பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் தாளால் என்ன செய்ய முடியும்?

உங்கள் பிரிவில் இந்த வரிசையில் நடந்து பாருங்கள்.

அலமாரிக்குப் போங்கள். ஆர்ட்டீரியல் லைனுக்கான 500 மி.லி. சலைன் பைக்குத் தனி இடம் இருக்கிறதா? அதே அளவு டெக்ஸ்ட்ரோஸ் பை ஐசியூவுக்குள் இருந்தே ஆக வேண்டுமா, வேறு அலமாரிக்கு, முடிந்தால் வேறு அறைக்கு மாற்ற முடியாதா என்று மருந்தகத்தோடு பேசுங்கள்.

பையை மாட்டும் இடத்துக்கு வாருங்கள். மாட்டும்போது இருவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். இதைவிட முக்கியம், பிரஷர் பேக் பையின் பெயரை மறைக்கிறதா என்பது. துணி உறை முழுவதையும் மூடிக்கொண்டால் அடுத்த ஷிப்டில் வருபவரால் உள்ளே இருப்பதைப் படிக்கவே முடியாது. முன்பக்கம் முழுதும் கண்ணாடிபோல் தெரியும் பேக் வாங்குங்கள். வாங்கும் பிரிவு விலையைக் காட்டி மறுத்தால் மேலே சொன்ன கணக்கை அவர்களிடம் காட்டுங்கள்.

ஷிப்டு மாறும்போது என்ன நடக்கிறது என்று நின்று பாருங்கள். பொறுப்பேற்பவர் பையின் பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பேக்கில் அழுத்தம் 300 மி.மீ. பாதரச அளவில் இருக்கிறதா, லைன் நெடுக சிவப்பு அடையாளம் இருக்கிறதா என்பதும் அதே நிமிடத்தில் முடிந்துவிடும். சிவப்பு அடையாளத்தை அலங்காரமாக நினைக்காதீர்கள். தமனிக் குழாய்க்கும் சிரைக் குழாய்க்கும் சிரிஞ்சை மாட்டும் ஒரே லூயர் இணைப்புதான் பொருந்துகிறது. தண்டுவடப் பகுதிக்கு ஐஎஸ்ஓ 80369-6 என்று தனி இணைப்பு வந்துவிட்டதைப் போல இங்கே சாதனமே தவறைத் தடுக்காது. மருந்தைத் தமனிக்குள் செலுத்திவிட்டால் விரல்களையோ கையையோ இழக்க நேரிடலாம்.

இனி எடுக்கும் முறை. கை சுத்தம், கையுறை. சாம்பிள் எடுக்கும் வாயை ஆல்கஹாலால் அழுத்தித் துடைத்து உலர விட வேண்டும். மானிட்டர் அலாரத்தை எடுக்கும் நேரத்துக்கு மட்டும் நிறுத்திவைத்து, முடிந்ததும் மீண்டும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்று மடங்கு உள்ளளவை இழுத்தபின் மெதுவாகச் சாம்பிள் எடுக்க வேண்டும். பிறகு லைனைச் சிறுசிறு தவணைகளாகக் கழுவுங்கள். ஒரேயடியாக வேகமாகத் தள்ளினால் குழாயில் இருக்கும் காற்றோ கட்டியோ ரத்த ஓட்டத்துக்கு எதிராக மேலேறி மூளை வரை போகக்கூடும். கடைசியாக மானிட்டரில் ரத்த அழுத்த அலை வடிவம் திரும்ப வந்ததா, இணைப்புகள் இறுகியிருக்கின்றனவா, மூடி போட்டாயிற்றா என்று பார்க்க வேண்டும். போர்வைக்கடியில் கழன்ற ஆர்ட்டீரியல் லைனிலிருந்து ரத்தம் போவது வெளியே தெரியாது.

இன்னொரு கட்டளையை எழுத்தில் வையுங்கள்: சர்க்கரை எதிர்பாராமல் உயர்ந்தால், இன்சுலினைத் தொடும் முன் பையைப் படி, வேறு இடத்திலிருந்து ரத்தம் எடுத்துச் சரிபார். லைனில் வந்த எண்ணை அதே லைனிலிருந்து மறுபடி எடுத்து உறுதிசெய்வதில் பயனில்லை. சலைன் பையிலும் ஏமாற்றம் உண்டு. போதிய அளவு இழுத்து வீசாவிட்டால் ஹீமோகுளோபின் குறைந்து தெரியும், தேவையில்லாமல் ரத்தம் ஏற்றுவார்கள்.

படி 6: சென்ட்ரல் லைனும் ப்ளட் கல்ச்சரும்

சென்ட்ரல் லைனை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கிருமிக்கு ஒரு வாசல் திறக்கிறது. அதனால் வேறு வழி இருந்தால் அதிலிருந்து வழக்கமான சாம்பிள் எடுக்காதீர்கள். எடுக்கத்தான் வேண்டும் என்றால், சிரை வழி ஊட்டச்சத்து ஓடும் குழாய் வாயைத் தொடக் கூடாது. மற்ற வாய்களில் ஓடும் திரவங்களை மருத்துவர் அனுமதித்த அளவு நிறுத்திவைக்க வேண்டும். ரத்த அழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் நார்அட்ரினலின் ஓடும் நோயாளியிடம் இந்த நிறுத்தமே ஆபத்து என்பதால் எதை நிறுத்தலாம் என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள். எந்த மருந்து எந்த வாய் வழியாகப் போனதோ, அதே வாயிலிருந்து அந்த மருந்தின் ரத்த அளவைப் பார்க்கக் கூடாது. சைக்ளோஸ்போரின் போன்றவை குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு பொய்யாக உயர்ந்த எண்ணைத் தரும். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் போன லைனில் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்க வேண்டியிருந்தால், சலைனால் கழுவி, முதல் 5 மி.லி. அல்லது உள்ளளவில் ஆறு மடங்கை விலக்கிவிட்டு எடுப்பது வழக்கம். நேரடியாக ஊசி போட்டு எடுப்பது அதைவிட நல்லது.

ப்ளட் கல்ச்சர் கதை வேறு. இங்கே குறைத்து எடுப்பதுதான் தவறு. பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மி.லி. வேண்டும், குறைந்தால் கிருமி இருந்தும் பிடிபடாது. 2 சதவீத குளோர்ஹெக்சிடினும் 70 சதவீத ஆல்கஹாலும் சேர்ந்த கரைசலால் தோலைத் துடைத்து முழுதாக உலர விட்டு, பாட்டில் மூடியையும் துடைத்து, ஊசி போட்டு எடுப்பது முதல் தேர்வு. லைனே தொற்றுக்குக் காரணமோ என்ற சந்தேகம் இருந்தால் மட்டும் லைனிலிருந்தும் தோல் வழியாகவும் ஒரே நேரத்தில் ஒரே அளவு எடுக்க வேண்டும். லைன் பாட்டிலில் கிருமி இரண்டு மணி நேரமோ அதற்கும் மேலோ முன்னதாக வளர்ந்தால் சந்தேகம் உறுதியாகிறது. எந்தப் பாட்டில் எங்கிருந்து என்று எழுதாவிட்டால் இந்தக் கணக்கே முடியாது. தோலிலிருந்து வந்த கிருமி கலந்த கல்ச்சர்கள் மொத்தத்தில் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நெடுநாளைய அளவுகோல்; முயன்றால் 1 சதவீதம் வரை இறக்கலாம்.

படி 7: டியூப் வரிசை

ஒரு டியூபில் இருக்கும் ரசாயனம் அடுத்ததில் கலந்து எண்ணைக் கெடுக்காமலிருக்க வரிசை இது: முதலில் ப்ளட் கல்ச்சர், பிறகு சிட்ரேட், அடுத்து சீரம், ஹெபாரின், ஈடிடிஏ, கடைசியாக ஃப்ளோரைடு. காரணம் தெரிந்தால் மறக்காது. ஈடிடிஏ டியூபில் இருப்பது பொட்டாசிய உப்பு. அது சீரம் டியூபுக்குள் சிறிது கலந்தாலும் பொட்டாசியம் பொய்யாக உயரும், கால்சியம் பொய்யாக விழும். ஒரே சாம்பிளில் இரண்டும் சேர்ந்து வந்தால் சிகிச்சைக்கு முன் டியூபைச் சந்தேகியுங்கள். சிட்ரேட் டியூபைக் கோடு வரை நிரப்ப வேண்டும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற விகிதம் கெட்டால் உறையும் நேரம் நீண்டு தெரியும். சிரிஞ்சில் எடுத்து ஊசி வழியாக டியூபுக்குள் அழுத்தித் தள்ளினால் சிவப்பணுக்கள் உடையும், கையிலும் குத்தும். அதற்கென்று இருக்கும் மாற்றுக் கருவியைப் பயன்படுத்துங்கள். கையில் இறுக்கும் பட்டையான டூர்னிகேவை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்க வேண்டாம்.

படி 8: படுக்கையோரத்து மெஷின்கள்

ப்ளட் கேஸ் மெஷினும் குளுக்கோமீட்டரும் ஐசியூவின் சொத்து என்று லேப் நினைக்கும். லேபின் பொறுப்பு என்று ஐசியூ நினைக்கும். ஐஎஸ்ஓ 15189-இன் 2022 பதிப்பு, முன்பு ஐஎஸ்ஓ 22870 என்று தனியாக இருந்த படுக்கையோரப் பரிசோதனை விதிகளைத் தனக்குள் சேர்த்துக்கொண்டது. அந்தத் தரத்தைப் பின்பற்றும் இடத்தில் ஐசியூ மெஷினும் லேபின் கண்ணுக்குள் வந்துவிட்டது என்று பொருள். தினசரித் தரச் சோதனை, வெளியிலிருந்து வரும் ஒப்பீட்டுச் சோதனை, பழுதான நாட்களின் பதிவு ஆகியவற்றை லேபும் ஐசியூவும் சேர்ந்து கையெழுத்திடும் ஒரே பதிவேட்டில் வையுங்கள்.

மெஷினில் உள்ளே நுழையும் கடவுச்சொல்லைப் பாருங்கள். எல்லோரும் ஒரே பெயரில் நுழைகிறார்கள் என்றால், தேர்ச்சிப் பட்டியல் சுவரில் தொங்கும் தாள் மட்டுமே. யார் செய்தார், எந்த நோயாளிக்கு என்ற கேள்விக்குப் பதிலே இருக்காது.

குளுக்கோமீட்டர் தனிக் கவனம் கேட்கிறது. ரத்த அழுத்தம் விழுந்து, விரல் நுனி குளிர்ந்து, கை வீங்கிய நோயாளியின் விரலில் எடுத்த சொட்டு உடலின் உண்மையைச் சொல்லாது. செப்சிஸ் (தொற்று முற்றி உறுப்புகளைப் பாதிக்கும் நிலை) சிகிச்சைக்கான சர்வதேச வழிகாட்டுதலின் 2016 பதிப்பு, ஆர்ட்டீரியல் லைன் இருந்தால் விரல் ரத்தத்தைவிட அந்த ரத்தத்தையே பயன்படுத்தச் சொன்னது. அதாவது, சர்க்கரைக்கு நம்பகமான இடமும் படி 5-இல் பார்த்த ஆபத்தான இடமும் ஒன்றே. இந்த இரண்டையும் இருவேறு குழுக்கள் தனித்தனிச் சுற்றறிக்கைகளாக எழுதினால் நர்ஸ் நடுவில் மாட்டிக்கொள்வார். ஒரே பக்கத்தில் சேர்த்து எழுதுங்கள். குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பின் வேதியியலையும் கேட்டு வாங்குங்கள். வயிற்று டயாலிசிஸில் பயன்படும் ஐகோடெக்ஸ்ட்ரின் உடலில் மால்டோஸாக மாறும். சில வகை ஸ்ட்ரிப்கள் அதைக் குளுக்கோஸ் என்று எண்ணி உயர்த்திக் காட்டும். இதனால் நேர்ந்த மரணங்களையடுத்து அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009-இல் எச்சரித்தது.

ப்ளட் கேஸ் சிரிஞ்சில் காற்றுக் குமிழி இருந்தால் உடனே வெளியேற்றுங்கள், திரவ ஹெபாரின் மிச்சம் இருக்க விடாதீர்கள், பிளாஸ்டிக் சிரிஞ்சு என்றால் அறை வெப்பத்தில் வைத்து 30 நிமிடத்துக்குள் மெஷினில் கொடுத்துவிடுங்கள்.

படி 9: எடுப்பவரின் கை

ஊசிக்கு மூடி போடாதே என்ற போஸ்டர் ஒட்டுவதைவிட, பயன்படுத்திய ஊசியைப் போடும் ஷார்ப்ஸ் டப்பா கை நீட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது பயன் தரும். பத்தடி தள்ளி இருந்தால், நடுவில் அந்த ஊசியை வைக்க இடமில்லாமல்தான் மூடி போடுகிறார்கள். டப்பா முக்கால் பங்கு நிறைந்ததும் அதை மூடிவிட்டு வேறு டப்பா வைக்க வேண்டும். எச்ஐவி உள்ளவரின் ரத்தம்பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறக்குறைய 0.3 சதவீதம்; தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி இதைவிடப் பல மடங்கு அதிகம். எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தவரை உடனே, எப்படியும் 72 மணி நேரத்துக்குள், தொடங்க வேண்டும். ஞாயிறு இரவு இரண்டு மணிக்கு அந்த மருந்தின் முதல் வேளை யாரிடம், எந்த அலமாரியில் இருக்கிறது என்று இன்றே கேட்டுப் பாருங்கள். பதில் வராவிட்டால் ஊழியர்கள் காயத்தை மறைப்பதில் வியப்பில்லை.

படி 10: பிரிவைத் தணிக்கை செய்வது

பதிவேடு பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். மாதம் பத்து முறையாவது ரத்தம் எடுப்பதை நேரில் நின்று பாருங்கள். அதில் பாதி இரவு ஷிப்டில் இருக்கட்டும். அடுத்து, லேபில் உள்ள ஏதாவது ஒரு சாம்பிளைக் கையில் எடுத்து அது வந்த வழியே பின்னோக்கிப் போங்கள். யார் ஆர்டர் போட்டது, எதற்காக, யார் எடுத்தது, எத்தனை மணிக்கு, எந்த இடத்திலிருந்து, முடிவை யார் பார்த்தது, அதன் பேரில் என்ன செய்தார்கள்? பொட்டாசியம் 6.8 போன்ற அவசர முடிவு என்றால், போனில் கேட்டவர் எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்தாரா, டாக்டரிடம் எத்தனை நிமிடத்தில் சேர்ந்தது என்பது வரை போங்கள். இரண்டு மூன்று சாம்பிள்களைப் பின்தொடர்ந்தாலே படி 1-இல் நீங்கள் போட்ட வட்டங்கள் சரியா தவறா என்று தெரிந்துவிடும்.

மாதாமாதம் பார்க்க ஆறு எண்கள் போதும்: சிவப்பணு உடைந்து வந்த சாம்பிள்கள், லேபிள் பிழையால் திருப்பி அனுப்பப்பட்டவை, கலப்படமான கல்ச்சர்கள், ஒரு நோயாளிக்கு நாளொன்றுக்கு எடுத்த மி.லி., ஊசிக் காயங்கள், அவசர முடிவு டாக்டரைச் சேர்ந்த நேரம். ஷிப்டு வாரியாகப் பிரித்துப் போட்டால் இன்னும் பேசும். ஆட்களின் பெயர் வாரியாகச் சுவரில் ஒட்டாதீர்கள். அடுத்த மாதமே எண்கள் அழகாகிவிடும், ரத்தம் எடுக்கும் முறை மாறியிருக்காது.

தவறு தெரியவந்தால் முதலில் நோயாளியைப் பாருங்கள், பிறகு பை, டியூப், லேபிள், மெஷின் பதிவு எல்லாவற்றையும் அப்படியே எடுத்து வையுங்கள். குடும்பத்தாரிடம் நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். சாதனத்தில் குறை என்றால் மருத்துவச் சாதன ஒழுங்குமுறை அமைப்புக்கு எழுதுங்கள். உங்கள் ஒரு கடிதத்தோடு வேறு மருத்துவமனைகளின் கடிதங்கள் சேரும்போதுதான் அந்தச் சாதனம் திரும்பப் பெறப்படும். கடைசி நொடியில் பிடிபட்டு யாருக்கும் தீங்கு நேராத தவறுகளையும் அதே படிவத்தில் எழுத வையுங்கள். டெக்ஸ்ட்ரோஸ் பையை மாட்டப்போய், பெயரைப் படித்து நிறுத்திய நர்ஸுக்கு அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் நன்றி சொல்லுங்கள். அந்தப் பை ஏன் அவர் கைக்கு வந்தது என்று அன்றைக்கே அலமாரியைப் போய்ப் பாருங்கள்.